ரை விஸ்கியும் ஒரு வரிக் கிளர்ச்சியும்

மிளகைக் கடித்தாற்போன்ற காரமும், அதன்பின் மெல்லத் தோன்றும் இனிப்பும் அமெரிக்க ரை விஸ்கியின் இயல்புகளாம். காரம் ரை என்னும் தானியத்தினின்று வருவது. இனிப்பும் செந்நிறமும் உட்புறம் கரியாகச் சுட்ட புதிய ஓக் மரப்பீப்பாயின் கொடை. மூலத் தானியத்தில் நூற்றுக்கு 51 பங்கேனும் ரை இருத்தல் வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம்.

இச்சுவைக்குப் பின்னே உழவர் வரலாறு ஒன்று உண்டு. 18ஆம் நூற்றாண்டில் மேற்குப் பென்சில்வேனியாவில் குடியேறியோர்க்குத் தானிய மூட்டைகளை மலை கடந்து சந்தைக்குக் கொண்டு செல்லல் அரிதாயிற்று. ஆதலின் தானியத்தை மதுவாக வடித்துக் குதிரைமேல் ஏற்றினர். நாணயம் அருகிய அவ்விடத்தில் விஸ்கியே பணமாகவும் வழங்கிற்று.

1791இல், நிதியமைச்சர் அலெக்சாந்தர் ஆமில்தனின் திட்டப்படி, இதன்மீது வரி விதிக்கப்பெற்றது. பெரிய வடிசாலையினர் அதனைத் தாங்கினர். கையிற் காசில்லாச் சிற்றுழவர்க்கோ அது பிழைப்பின்மேல் விழுந்த அடி. 1794இல் கிளர்ச்சி மூண்டது. குடியரசுத் தலைவர் வாசிங்டன் ஏறத்தாழ 13,000 வீரரைத் திரட்டினார். படை நெருங்கவே கிளர்ச்சியாளர் கலைந்தனர். அரசத் துரோகக் குற்றத்திற்காகத் தண்டனை பெற்ற இருவரை வாசிங்டனே மன்னித்தார். வரி 1802இல் நீக்கப்பெற்றது.

வியப்பு யாதெனின், 1797இல் அவ்வாசிங்டனே தம் மவுண்ட் வெர்னன் பண்ணையில் மது வடிக்கத் தொடங்கினார். அங்கு வடித்ததும் ரை விஸ்கியே: ரை 60, மக்காச்சோளம் 35, முளைகட்டிய வாற்கோதுமை 5 பங்கு. 1799இல் மட்டும் ஏறத்தாழ 11,000 காலன் வடித்தனர்.

பண்டம் ஒன்றே, தலைவர்க்கு அது வாணிகம், மலைநாட்டு உழவனுக்கோ வாழ்வு. வரியின் நீதியை அதன் அளவு மட்டும் காட்டாது. செலுத்துவோன் நிலையும் காட்டும்.