தவணை முடிவதற்குள்...

50 டாலர் நோட்டில் தாடியோடு ஒருவர் இருப்பாரே, கவனித்திருக்கிறீர்களா? அவர்தான் யுலிஸஸ் கிராண்ட். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படைகளின் தளபதி. 1865 ஏப்ரல் 9-ம் தேதி தென்மாநிலத் தளபதி ராபர்ட் லீ சரணடைந்தது இவரிடம்தான். 1869 முதல் 1877 வரை ஜனாதிபதி. பிறகு உலகம் சுற்றக் கிளம்பி, 1879-ல் பம்பாயில் இறங்கி, தாஜ்மகாலையும் பார்த்துவிட்டுப் போனவர். நான் சொல்ல வந்தது போர்க்கதை அல்ல, அவருடைய கடைசி வருஷத்தின் கதை.

அந்தக் காலத்தில் அமெரிக்க முன்னாள் ஜனாதிபதிகளுக்குப் பென்ஷன் கிடையாது (அது வந்தது 1958-ல்). ஜனாதிபதி ஆவதற்காக ராணுவப் பதவியை விட்டதால் அந்தப் பென்ஷனும் போச்சு. நியூயார்க்கில் அவர் மகனும் ஃபெர்டினாண்ட் வார்டு என்பவரும் நடத்திய நிதி நிறுவனத்தில் கிராண்டும் பங்குதாரர் ஆனார். வார்டு செய்தது, எங்கள் தொழிலில் இன்றைக்கும் வயிற்றைக் கலக்கும் வேலை. ஒரே பத்திரத்தை இரண்டு மூன்று இடத்தில் ஈடு காட்டிக் கடன் வாங்குவது! கிராண்ட், வார்டு நீட்டிய காகிதங்களில் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

1884 மே 4, ஞாயிற்றுக்கிழமை. மெரைன் வங்கி தள்ளாடுகிறது, உடனே 1,50,000 டாலர் வேண்டும் என்று வார்டு வந்து நின்றார். கிராண்ட் கோடீஸ்வரர் வில்லியம் வாண்டர்பில்ட்டிடம் போய்த் தன் பெயரில் கடன் வாங்கிக் கொடுத்தார். இரண்டே நாளில் எல்லாம் சரிந்தது. கிராண்டின் கையில் மிஞ்சியது சுமார் 80 டாலர்.

வாண்டர்பில்ட் கடனைத் தள்ளுபடி செய்யத் தயாராக இருந்தார். கிராண்ட் கேட்கவில்லை. வீடு, நிலம், போரில் கிடைத்த வாள்கள், பதக்கங்கள் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

அந்தக் கோடையில் ஒரு பீச் பழத்தைக் கடித்தபோது தொண்டையில் நெருப்பாக வலி. அக்டோபரில்தான் டாக்டரிடம் போனார். புற்றுநோய். ஆயுள் முழுக்கப் பிடித்த சுருட்டு!

மனைவி ஜூலியாவுக்கு என்ன வழி? தன் போர் அனுபவங்களைப் புத்தகமாக எழுதுவது என்று முடிவு செய்தார். ஒரு பதிப்பகம் 10 சதவீத ராயல்டி தருவதாகச் சொன்னது. நண்பர் மார்க் ட்வைன் குறுக்கே புகுந்து, தன் பதிப்பகம் மூலம் லாபத்தில் 70 சதவீதம் தருவதாக ஒப்பந்தம் போட்டார். 1885 மார்ச் 4-ல் காங்கிரஸ் அவருடைய ராணுவப் பதவியைச் சம்பளத்தோடு திருப்பிக் கொடுத்தது. அப்போதும் கிராண்ட் எழுதுவதை நிறுத்தவில்லை. முதலில் சுருக்கெழுத்தாளரிடம் சொல்லிக் கொண்டிருந்தார். குரல் போனதும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பென்சிலால் எழுதினார்.

ஜூன் 16-ல் நியூயார்க் மாநிலத்தில் மவுண்ட் மெக்ரெகர் என்ற மலைவாசஸ்தலத்துக்குக் கொண்டு போனார்கள். ஜூலை 10-ல் அங்கே பார்க்க வந்தவர் சைமன் பக்னர். 1854-ல் காசில்லாமல் நியூயார்க்கில் தவித்த கிராண்டின் ஓட்டல் பில்லுக்குப் பொறுப்பேற்ற பழைய நண்பர். 1862-ல் டானல்சன் கோட்டையில் அதே கிராண்டிடம் சரணடைந்த எதிரணித் தளபதியும் அவரே! பேச முடியாத கிராண்ட் துண்டுச் சீட்டுகளில் எழுதிப் பதில் சொன்னார். இரு தரப்பும் மறுபடி ஒன்றாவதைப் பார்த்ததில் தனக்குச் சந்தோஷம் என்று எழுதினார்.

வேலை முடிந்த சில நாளில், ஜூலை 23 அன்று, 63 வயதில் கிராண்ட் காலமானார். இரண்டு பாகங்கள், 1,200 பக்கம் அளவு. மூன்று லட்சம் செட்டுகளுக்கு மேல் விற்றது. 1886 பிப்ரவரியில் ஜூலியாவுக்கு வந்த முதல் செக் மட்டும் 2,00,000 டாலர்!

'ரிட்டயர் ஆகி ஊரில் செட்டில் ஆனதும் பார்க்கலாம்' என்று நாம் எல்லோருமே ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். வெளியூரில் இருப்பவர்களுக்கு அது இன்னும் நீளம். நாள் குறைவு என்று தெரிந்தால் அந்தப் பட்டியல் முழுவதையும் அவசர அவசரமாக முடிப்பதுதான் நிறைவாக வாழ்வது என்று தோன்றும். கிராண்ட் அப்படிச் செய்யவில்லை. அந்தப் புத்தகத்தில் அவர் ஜனாதிபதியாக இருந்த எட்டு வருஷம் கிடையாது. தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார், மீதியை விட்டுவிட்டார். எடுத்ததை முடித்தார்.