முதலை வாயும் நேடர் பின்னும்

இணைப்பில் இருக்கும் சிலருக்கு இது ஞாயிறு காலை, சிலருக்கு நள்ளிரவு. தூக்கத்தை விட்டுவிட்டுக் கேட்பவர்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். சொற்களின் வரலாற்றைப் பற்றிப் பேச அழைத்தார்கள். நான் ஓர் இரும்புக் கருவியைப் பற்றிப் பேசப்போகிறேன்.

விபத்தில் நசுங்கிய காருக்குள் ஒருவர் சிக்கிக்கொண்டால் தீயணைப்பு வீரர்கள் ஒரு கருவியோடு வருவார்கள். ஆங்கிலச் செய்திகளில் அதன் பெயரைக் கேட்டிருப்பீர்கள்: ‘ஜாஸ் ஆஃப் லைஃப்’. தமிழில் அப்படியே சொல்லிப் பாருங்கள், ‘உயிரின் தாடைகள்’. பல் மருத்துவமனை விளம்பரம் போல இருக்கிறது. ஆனால் அந்தப் பெயருக்குள் இருக்கும் கற்பனை நமக்கு அந்நியமானது அல்ல. பிழைத்து வந்தவரை ‘எமன் வாயிலிருந்து மீண்டவர்’ என்கிறோம். அவிநாசியில் முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாடி மீட்ட கதை பெரியபுராணத்தில் இருக்கிறது. அங்கே முதலை தானாகவே வாயைத் திறந்து பிள்ளையைக் கரையில் விட்டுப் போகிறது. கார் அப்படித் திறப்பதில்லை.

இந்தக் கருவிகளுக்கு முதலில் மனிதர்களின் பெயர்கள்தான் இருந்தன. நியூயார்க் தீயணைப்புத் துறையில் கெல்லி என்ற அதிகாரியின் பெயரில் ஒரு கடப்பாரை இருந்தது. அதற்கும் முந்தையது ‘கிளா டூல்’ என்கிற நகக் கடப்பாரை. வங்கியைக் கொள்ளையடித்தவர்கள் தடயத்தை அழிக்கத் தீ வைத்துவிட்டுப் போக, அணைக்க வந்தவர்கள் சாம்பலில் கண்டெடுத்த கருவி அது என்று அந்தத் துறையில் ஒரு கதை சொல்வார்கள். எவ்வளவு உண்மையோ, திருடனின் கருவி காப்பாற்றுபவன் கைக்கு வந்தது என்ற கதை அவர்களுக்குப் பிடித்திருக்கிறது. எனக்கும் பிடித்திருக்கிறது. 1948இல் அதே துறையின் உயரதிகாரி ஹியூ ஹாலிகன், இவை இரண்டின் வேலையையும் ஒரே கம்பியில் சேர்த்தார். ஒரு முனையில் கவை, மறுமுனையில் பட்டை அலகும் கூர்முனையும். இன்றும் அதன் பெயர் ஹாலிகன்தான்.

பூட்டிய கதவை உடைக்க அது போதும். நசுங்கிய காருக்குப் போதாது. அப்போது கையில் கிடைத்ததையெல்லாம் பயன்படுத்தினார்கள். வட்ட ரம்பம் தீப்பொறி பறக்க அறுக்கும், பக்கத்திலேயே பெட்ரோல் ஒழுகிக்கொண்டிருக்கும். காருக்கு ஒடுக்கெடுக்கும் பட்டறைகளில் ‘போர்ட்டா பவர்’ என்று கையால் பம்ப் அடிக்கும் ஹைட்ராலிக் ஜாக்கி ஒன்று உண்டு. அதையும் கொண்டுவந்து முட்டுக்கொடுத்து அடித்தார்கள். வேலை நடக்கும், ஆனால் மெதுவாக.

இங்கேதான் ஜார்ஜ் ஹர்ஸ்ட் வருகிறார். பென்சில்வேனியாவின் வார்மின்ஸ்டரில் தொழிற்சாலை வைத்திருந்தவர். கார் வேகத்துக்காகவே வாழ்ந்தவர் என்று சொல்லலாம். அவருடைய கியர் மாற்றும் தண்டு அமெரிக்க இளைஞர்களிடையே அவ்வளவு பிரபலம். 1964இன் பான்டியாக் ஜிடிஓ அதோடுதான் வந்தது. 1968இல் ஓல்ட்ஸ்மொபீல் அவர் பெயரைச் சேர்த்தே ஒரு காரை விற்றது. இவர் 1961இல் ஒரு ஸ்டாக் கார் பந்தயத்தில் விபத்தைப் பார்த்தார். அடிபட்ட ஓட்டுநரை வெளியே எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

அந்த ஒரு மணி நேரத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பால்டிமோரில் ஆர். ஆடம்ஸ் கௌலி என்ற அறுவை மருத்துவர், பலத்த காயம் பட்டவருக்கு முதல் ஒரு மணி நேரம்தான் உயிர்க்கெடு என்று சொல்லிச் சொல்லி, ‘கோல்டன் ஹவர்’ என்ற சொல்லைப் பரப்பியவர். சரியாக அறுபது நிமிடம் என்று கணக்கு வைக்க முடியாதுதான். ஆனாலும் அந்த ஓட்டுநரின் பொன்னான நேரம் முழுவதும் தகரத்தை நெம்புவதிலேயே போயிருக்கிறது.

ஹர்ஸ்ட் செய்யவைத்த முதல் இயந்திரம் சுமார் 160 கிலோ. பந்தயத் திடலில் வண்டியில் வைத்து நிறுத்தலாம், சாலையோரப் பள்ளத்தில் இறக்க முடியாது. எழுபதுகளின் தொடக்கத்தில்தான் ஆட்கள் தூக்கிச் செல்லும் அளவுக்கு அது சுருங்கியது. தத்துவம் பழையது. மூடிய திரவத்தின் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லா இடத்திலும் பரவும் என்று பதினேழாம் நூற்றாண்டிலேயே பாஸ்கல் சொல்லிவிட்டார். 1795இல் ஜோசப் பிராமா அதை வைத்து அழுத்து இயந்திரம் செய்து காப்புரிமை வாங்கினார். மீட்புக் கருவியில் ஒரு சிறிய எஞ்சின் பம்பை ஓட்டுகிறது, குழாய் வழியே திரவம் வந்து பிஸ்டனைத் தள்ளுகிறது, இரண்டு கைகள் விரிகின்றன. பின்னாளில் வந்த கருவிகளில் சதுர அங்குலத்துக்கு 10,500 பவுண்டு அழுத்தம். உங்கள் கார் டயரில் இருப்பது முப்பது சொச்சம்.

‘ஜாஸ் ஆஃப் லைஃப்’ என்ற பெயரை வைத்தவர் ஹர்ஸ்ட் அல்ல, அவரோடு வேலை பார்த்த மைக் பிரிக். இந்தக் கருவி சாவின் தாடையிலிருந்து ஆட்களைப் பறித்துவிட்டது என்று பலரும் சொல்லக் கேட்டு, அந்தத் தொடரையே திருப்பிப் போட்டார். வணிக மூளைதான், சந்தேகமில்லை. அது இன்றும் பதிவுபெற்ற வணிகப் பெயர். ஜெர்மனியின் லூக்காஸ், நெதர்லாந்தின் ஹோல்மாட்ரோ என்று யார் செய்த கருவியாக இருந்தாலும் பத்திரிகைக்கு எல்லாமே ‘ஜாஸ் ஆஃப் லைஃப்’தான், நமக்கு எல்லா நகல் இயந்திரமும் ஜெராக்ஸ் ஆனது போல. ஆனால் அதைக் கையில் பிடிப்பவர்கள் பெரும்பாலும் அப்படிச் சொல்வதில்லை. விரிப்பது ஸ்ப்ரெடர், வெட்டுவது கட்டர், தள்ளுவது ரேம். எனக்கு அவர்கள் பேச்சில்தான் நியாயம் தெரிகிறது. தாடை என்றால் கடிக்க வேண்டும். முதலைக்குக்கூடக் கடிப்பதில்தான் பலம், வாயைத் திறக்கும் தசை வலுவற்றது. இந்தக் கருவியின் முதல் வேலையோ திறப்பது.

எதைத் திறப்பது? இதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

பழைய கார்களில் மோதிய வேகத்தில் கதவு தானாகத் திறந்துகொள்ளும், உள்ளே இருப்பவர் சாலையில் தூக்கி வீசப்படுவார். அப்படிச் செத்தவர்கள் ஏராளம். 1965இல் ரால்ஃப் நேடர் ‘அன்சேஃப் அட் எனி ஸ்பீடு’ என்ற புத்தகத்தை எழுதி, கார் நிறுவனங்கள் பாதுகாப்பைப் புறக்கணிப்பதை அம்பலப்படுத்தினார். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மோதினாலும் கதவு திறக்கக் கூடாது என்பது விதியானது. கதவை மூடும்போது, தூணில் இருக்கும் தடித்த ஆணியைக் கதவின் பூட்டு கவ்விக்கொள்கிறது அல்லவா, அந்த ஆணிக்கு மீட்புப் படையினர் வைத்த பெயர் ‘நேடர் பின்’. நேடர் அதைக் கண்டுபிடிக்கவில்லை. அதோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தவர்கள் அவர் பெயரை அதற்குச் சூட்டிவிட்டார்கள். வாழ்த்தாகவா, வசவாகவா என்பது அன்றைக்குக் கதவு எவ்வளவு நேரம் எடுத்தது என்பதைப் பொறுத்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏனென்றால் உள்ளே இருப்பவரை வெளியே விழாமல் காத்த அதே ஆணிதான், பிறகு அவரை வெளியே எடுக்க விடாமல் தடுக்கிறது. ஸ்ப்ரெடரின் முனைகள் அதன் பக்கத்தில்தான் நுழைகின்றன. நேடரும் ஹர்ஸ்டும் ஒரே பத்தாண்டில், ஒரே சாவுக்கு எதிராக, எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து வேலை செய்தார்கள். இருவரில் யாரும் தவறு செய்யவில்லை.

அந்த இழுபறி இன்னும் முடியவில்லை. மோதலைத் தாங்கத் தூண்களில் போரான் கலந்த எஃகு வந்தது, பழைய கட்டர்களின் அலகுகள் அதில் திணறின, புதிய அலகுகள் செய்தார்கள். கூரை ஓரத்தில் காற்றுப்பை வந்தது. அதை ஊதும் அழுத்த வாயு உருளை தூணின் உறைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், தெரியாமல் அதை வெட்டினால் அது வெடித்துவிடும். அதனால் இப்போது முதலில் உறையைப் பிய்த்துப் பார்த்த பிறகே வெட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிறக் கம்பிகள் உயர் மின்னழுத்தத்துடன் ஓடுகின்றன.

ஜெர்மனியிலிருந்து கேட்கும் நண்பர்களுக்குத் தெரிந்திருக்கும், அங்கே ஏடிஏசி வாகன ஓட்டுநர் சங்கம் ‘ரெட்டுங்ஸ்கார்ட்டே’ என்று ஒரு தாளைப் பரிந்துரைக்கிறது. மீட்பு அட்டை. உங்கள் கார் மாடலின் படம், பேட்டரி எங்கே, வாயு உருளை எங்கே, எஃகு வலுத்த இடம் எது என்று நிறம் பூசிக் காட்டியிருக்கும். அதை அச்சிட்டு, ஓட்டுநர் பக்கம் வெயில் மறைக்க மடக்கி இறக்கும் பலகைக்குப் பின்னால் செருகி வைக்கச் சொல்கிறார்கள். பல நிறுவனங்களின் தளங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. இந்த உரை முடிந்ததும் தேடிப் பாருங்கள், உங்கள் காருக்கும் இருக்கக்கூடும்.