டிஸ்க் மாறினாலும் இயங்கும் லினக்ஸ்

பெல் ஆய்வகத்திலிருந்து 1979-இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் டார் என்ற நிரல் இருந்தது. கோப்புகளைக் காந்த நாடாவில் தொகுத்து வைக்க எழுதப்பட்டது அது. ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் 512 பைட்டில் ஒரு தலைப்பை எழுதும். கோப்பின் பெயர், உரிமையாளரின் எண், அனுமதிகள், அளவு, கடைசியாகத் திருத்திய நேரம் எல்லாம் அதில் அடங்கும். டிஸ்க்கைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் இராது. டாரின் பெரும்பலம் இதுதான்: எடுத்த பேக்கப்பை வேறு அளவுள்ள பார்ட்டிஷனிலும், வேறு வகை ஃபைல் சிஸ்டத்திலும் விரிக்கலாம்.

டாருக்கு மூத்தது டம்ப் என்ற பேக்கப் நிரல். அது கோப்புகளைத் திறந்து படிக்காமல் டிஸ்க்கை நேரடியாகப் படிக்கும். ஆகவே ஃபைல் சிஸ்டத்தின் உள்ளமைப்பு அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். லினக்ஸில் இது ஆபத்தானது. இயங்கிக்கொண்டிருக்கும் ஃபைல் சிஸ்டத்தை டம்ப் செய்வதை நம்ப முடியாது என்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே 2001-இல் எச்சரித்தார். நினைவகத்தில் இருக்கும் புதிய தரவு அப்போது டிஸ்க்குக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆண்ட்ரூ டிரிட்ஜெலும் பால் மெக்கராஸும் 1996-இல் வெளியிட்ட ஆர்சிங்க், டாரைப் போலக் கோப்பு கோப்பாகவே நகலெடுத்தது. மாறிய பகுதிகளை மட்டும் அனுப்பும் அதன் முறை, பிணையம் வழியே பேக்கப் எடுப்பதைப் பெரிதும் எளிதாக்கியது.

கோப்புகள் பத்திரமாகத் திரும்பியும் கணினி பூட் ஆகாமல் போவதுதான் பலரையும் வாட்டிய சிக்கல். கெர்னல் டிஸ்க்கின் எந்தெந்த இடங்களில் கிடக்கிறது என்பதையே லிலோ என்ற பூட் லோடர் குறித்து வைத்திருந்தது. ரீஸ்டோர் செய்தால் அந்த இடங்கள் மாறிவிடும். பிளாப்பியிலிருந்து பூட் செய்து, புதிய டிஸ்க்கை மவுண்ட் செய்து, சிரூட் வழியாக உள்ளே போய், லிலோவை மறுபடி ஓட்டியாக வேண்டியிருந்தது. பின்னர் வந்த கிரப், ஃபைல் சிஸ்டத்தையே படித்துக் கெர்னலைப் பெயரால் தேடிக்கொண்டது. ஆனால் அதையும் புதிய டிஸ்க்கில் நிறுவத்தான் வேண்டும்.

அடுத்த தடை, எந்தப் பார்ட்டிஷனை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பு. அதில் எழுதியிருந்த எச்டிஏ போன்ற டிஸ்க் பெயர்கள், லிப்ஏடிஏ டிரைவர்கள் பரவியபோது எஸ்டிஏ என மாறின. அதனால் லினக்ஸ் விநியோகங்கள், ஒவ்வொரு ஃபைல் சிஸ்டத்துக்கும் தனியாக உள்ள யூயூஐடி எண்ணுக்கு மாறின. பார்ட்டிஷனைப் புதிதாக ஃபார்மேட் செய்தால் இந்த எண்ணும் புதிதாகிவிடும். ஆகவே ரீஸ்டோர் முடிந்ததும் பிஎல்கேஐடி கட்டளையில் புதிய எண்களைப் பார்த்து எஃப்எஸ்டேபில் எழுத வேண்டும். கிரப் அமைப்பையும் புதுப்பித்த பிறகே மறுபடி பூட் செய்ய வேண்டும்.