தொலைபேசியும் சைகைமொழியும்

தொலைபேசி செவிப்புலனற்றோரின் சூழலிலேயே கருக்கொண்டது எனின் அது மிகையாகாது. 1876 ஆம் ஆண்டில் அதற்கான ஆக்கவுரிமையைப் பெற்ற அலெக்சாண்டர் கிரகம் பெல்லின் தாயார் செவிப்புலன் குன்றியவர். அவர் பின்னர் மணந்த மேபல், ஐந்தாவது வயதிற் செங்காய்ச்சலினாற் கேட்குந்திறனை இழந்தவர். பெல்லும் பொஸ்ரன் நகரிலே செவிப்புலனற்ற மாணாக்கருக்குப் பேச்சுப் பயிற்றிய ஆசிரியரே. அத்தகைய ஒருவரின் கையிற் பிறந்த கருவியே, செவிப்புலனற்றோரைத் தொழில், வணிகம், அவசர உதவி முதலிய துறைகளிலிருந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம் ஒதுக்கிவைத்தது.

இவ்வொதுக்கலுக்குக் கருவியை மட்டும் காரணமாகக் கொள்வது பொருந்தாது. 1880 இல் இத்தாலியின் மிலான் நகரிற் கூடிய செவிப்புலனற்றோர் கல்வி மாநாடு, சைகையிலும் வாய்ப்பேச்சே மேலானது எனத் தீர்மானித்தது. வாக்களித்தோர் பெரும்பாலும் கேட்குந்திறன் உடையோரே என்பது நோக்கற்பாலது. இதனையடுத்துப் பல நாடுகளின் பாடசாலைகளிலிருந்து சைகைமொழி அகற்றப்பட்டது. அம்மொழியிற் கற்பித்த செவிப்புலனற்ற ஆசிரியர் பலர் தொழில் இழந்தனர். பெல்லும் வாய்ப்பேச்சுக் கொள்கையின் முன்னணி ஆதரவாளராக விளங்கினார். மொழியென ஏற்கப்படாத ஒன்றைத் தொலைவிடத்துக்குக் கொண்டுசெல்லும் கருவியை எவரும் தேடாமை வியப்பன்று. (மிலான் தீர்மானங்கள் 2010 இல் வன்கூவர் மாநாட்டிலேயே முறைப்படி நிராகரிக்கப்பட்டன.)

செவிப்புலனற்றோரோ வாளாவிருக்கவில்லை. ஐக்கிய அமெரிக்காவில் அவர்களது தேசிய சங்கம் நிதி திரட்டி, 1910 முதல் சைகைமொழியில் வல்லோரைச் சலனப்படமாக்கியது. 1913 இல் ஜோர்ஜ் வெடிற்ஸ் ஆற்றிய சைகையுரை இவற்றுட் புகழ்வாய்ந்தது. பேசும்படம் பரவுமுன்னரே தமக்கேற்ற சாதனத்தை அவர்கள் கண்டுகொண்டனர். ஆயினும் படச்சுருள் மொழியைப் பேணியதேயன்றி, தொலைவிலுள்ள இருவரை உரையாடச் செய்யவில்லை.

உரையாடலுக்கான வழிகள் 1964 இல் ஒருங்கே தோன்றின. செவிப்புலனற்ற பௌதிகவியலாளரான றொபேட் வைற்பிரெக்ற், தட்டச்சு எழுத்துக்களை ஒலிக்குறிகளாக்கித் தொலைபேசிவழி அனுப்பும் இணைப்பி ஒன்றை உருவாக்கினார். கைவிடப்பட்ட தொலைத்தட்டச்சுப் பொறிகள் இதனாற் செவிப்புலனற்றோர் இல்லங்களிற் புத்துயிர் பெற்றன. அவ்வாண்டே நியூயோர்க் உலகக் கண்காட்சியிற் படத்தொலைபேசி காட்டப்பட்டது. சைகைமொழி உரைபெயர்ப்பாளருக்கான பதிவகமும் இந்தியானா மாநிலத்தில் நிறுவப்பட்டது. படத்தொலைபேசி வணிகத்தில் தோல்வியுற்றது. குரலுக்குப் போதிய அலைப்பரப்பைப் போல் முந்நூறு மடங்கு அளவை அப்படம் வேண்டிநின்றமையால், செலவு எவருக்கும் கட்டுப்படியாகவில்லை. கருவிகளினும் முக்கியமானது, கலோடெற் கல்லூரியின் ஆங்கிலப் பேராசிரியரான வில்லியம் ஸ்ரோக்கோ, சைகைமொழிக்கும் ஏனைய மொழிகளைப் போல் உள்ளமைப்பு உண்டென 1960 இல் நிறுவியமையே எனலாம்.

தட்டச்சு முறையில் அடிப்படைக் குறையொன்று இருந்தது: அது ஆங்கிலத்தில் நிகழ்ந்தது. சைகைமொழியிலே வளர்ந்தோருக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழியே. மேலும், ஒருவர் எழுதி முடித்து 'ஜி.ஏ.' எனக் குறித்த பின்னரே மற்றவர் தொடங்கவேண்டும். இடைமறித்தற்கோ, முகபாவத்துக்கோ அங்கு இடமில்லை. 1990 ஆம் ஆண்டின் அமெரிக்க மாற்றுவலுவுடையோர் சட்டம் நாடெங்கும் அஞ்சற் சேவையை, அதாவது இடைநின்று தொலைபேசி உரையாடலைக் கைமாற்றும் சேவையைக் கட்டாயமாக்கியபோதும், அது எழுத்துவழியே அமைந்தது. 1995 இல் ரெக்சாஸ் மாநிலத்திற் காணொளி முறை பரீட்சிக்கப்பட்டது. 2000 இல் மத்திய தொடர்பாடல் ஆணைக்குழு அதனை ஏற்றது. செவிப்புலனற்றவர் ஒளிப்படக்கருவியின் முன் சைகை செய்வார். நிலையத்திலுள்ள உரைபெயர்ப்பாளர் அதனைத் திரையிற் கண்டு, மறுமுனையில் உள்ளவருக்குத் தொலைபேசியிற் குரலாக்குவார். வரும் மறுமொழியைக் கேட்டவாறே சைகையாக்குவார். பணம் அறவிடப்படுவது செவிப்புலனற்றவரிடமன்று. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் செலுத்தும் பொது நிதியே அதனை நிமிடக் கணக்கில் ஏற்கிறது.

உரைபெயர்ப்பாளரையும் நீக்கிப் பொறியே மொழிபெயர்க்கவேண்டும் என்னும் ஆவலும் எழாமலில்லை. 2016 இல் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர் இருவர் சைகையைப் பேச்சாக்கும் கையுறைகளுக்குப் பரிசு பெற்றனர். செவிப்புலனற்றோரும் மொழியியலாளரும் அதனைக் கண்டித்தமைக்குத் தக்க காரணம் உண்டு. அமெரிக்கச் சைகைமொழியில் 'ஆம்', 'இல்லை' என விடை வேண்டும் வினாவைப் புருவத்தின் உயர்வே சுட்டும். கையுறைக்கோ புருவம் தெரியாது. 2018 இல் உலகச் செவிப்புலனற்றோர் சம்மேளனமும் உலகச் சைகைமொழி உரைபெயர்ப்பாளர் சங்கமும் இணைந்து வெளியிட்ட அறிக்கை, கணினி வரையும் சைகை உருவங்கள் முன்னரே ஆயத்தம் செய்யப்பட்ட அறிவித்தல்களுக்குப் பயன்படலாம் என ஏற்றது. உயிருள்ள உரையாடலில் மனித உரைபெயர்ப்பாளருக்கு அவை ஈடாகா எனவும் எச்சரித்தது.