பிளாஸ்மாவும் அதன் சுவரும்

அணுக்கரு இணைவின் வரலாற்றை எழுதுவோர், இலத்திரன்கள் பிரிந்த கொதிவாயுவாகிய பிளாஸ்மாவைக் காந்தப் புலத்தாற் சிறைப்படுத்திய திறமையையே விரித்துரைப்பர். அதனைச் சூழ்ந்து நிற்குஞ் சுவரைப் பற்றி அதிகம் பேசார். ஆயினும் வாயுவினூடு மின் பாயும்போது உலோகந் தேய்ந்து அயலிற் படிதலை 1852 இலேயே குறோவ் என்பார் கண்டெழுதினார். பிளாஸ்மா என்னும் பெயரை லாங்மியூர் வழங்கியதோ 1928 இலாகும். பெயருக்கு முன்னரே பிணக்குத் தோன்றிவிட்டது எனலாம்.

இப்பிணக்கை ஆராய்தற்கென அமெரிக்காவின் இலினோய்ச் சர்வகலாசாலை ஒரு நிலையத்தை நடத்துகின்றது. அதன் பெருங்கருவி வந்த வழி வியத்தற்குரியது. 1970களிற் பிரான்சின் கிறனோபிள் நகரில் 'வேகா' என்னும் பெயருடன் அமைந்த அது, பின்னர் ஜேர்மனியின் ஸ்ருட்காட்டுக்கும், ஈற்றிற் கிறைவ்ஸ்வால்டுக்குஞ் சென்றது. ஆங்கு 'வெண்டெல்ஸ்டைன் 7-எக்ஸ்' என்னும் மாபெருங் கருவி எழுந்துகொண்டிருந்தமையால், சிறியது 2013 இல் ஓய்ந்தது. கருவிகளுக்குங் குடிபெயர்வுண்டு போலும்! அதனைப் பெற்ற இலினோய் அறிஞர், 'ஹிட்ரா' எனப் பெயரிட்டு 2016 இல் மீண்டும் இயக்கினர்.

சுவருக்கு எப்பொருள் தகும் என்பதே வினா. காபன் தேய்வதோடு எரிபொருளாகிய ஐதரசனையும் தன்னுட் சிறைவைக்கும். தங்குதன் எளிதில் உருகாது. எனினும் அதன் அணுக்கள் பிளாஸ்மாவிற் புகுந்தால் வெப்பத்தைக் கதிர்களாய் வீணாக்கும். ஆதலின் இந்நிலையத்தார் உருகிய இலிதியத்தையே சுவராக்க முயல்கின்றனர். சிறு வாய்க்கால்களில் நிற்கும் இலிதியம், வெப்ப வேறுபாட்டால் எழும் மின்னோட்டமுங் காந்தப் புலமும் உந்தத் தானே ஓடும். அதுவும் ஐதரசனை விழுங்குமாகையால், விழுங்கியதை மீட்கும் வழியையும் அவர்கள் ஆராய்ந்து வருகின்றனர்.