கல்லின் முன் நிற்பவர்

வைகாசித் திருவிழாவில் ஒன்பது கருடசேவை நடக்கும் இரவில் ஆழ்வார்திருநகரி தூங்குவதில்லை. நவதிருப்பதிப் பெருமாள்கள் ஒன்பது பேரும் வந்து கூடும் ஊருக்குள் வெளியூர்க் கூட்டம் நிரம்பி வழியும். கடைவீதிப் பக்கம் போனால் பரோட்டாக் கல்லின் ஓசை கேட்கும். கல்லின் முன்னால் நிற்பவர் ஆண். தார்ப்பாய்க்குப் பின்னால் வெங்காயம் உரிப்பவளும் தட்டு கழுவுபவளும் பெண்கள். வீட்டில் தினமும் தோசைக்கல்லை ஆளுகிறவள், அதே கல் பெரிதாகித் தெருவுக்கு வந்ததும் எப்படிப் பின்னால் போனாள்?

நம் இலக்கியத்தில் தெருவில் சுட்டு விற்றவர்கள் கூவியர். பெரும்பாணாற்றுப்படை அவர்களின் கரிய சட்டியையும் காட்டுகிறது. சிலப்பதிகாரம் புகாரின் தெருவில் கூவியருக்குப் பக்கத்திலேயே கள் விற்கும் பெண்களைச் சொல்கிறது. அங்கே 'ஆட்டியர்' என்ற சொல்லே பெண் என்று சொல்லிவிடுகிறது. 'கூவியர்' பலர்பால்; அதில் ஆணும் அடங்கும், பெண்ணும் அடங்கும். 'அப்ப வணிகர்' என்று உரை எழுதியவர்களும், அதை வகுப்பில் ஒப்பித்த நாங்களும் ஓர் ஆணையே நினைத்துக்கொண்டோம். மதுரைக்காஞ்சியில் பண்ணியமும் பூவும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகும் முதுபெண்டிர் இருக்கிறார்கள். பெண் விற்றாள் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா? 16ஆம் நூற்றாண்டுக் கோயில் கல்வெட்டுகளில் தோசைப்படி வருகிறது. ஆனால் பெருமாளுக்குத் தோசை வார்க்கும் மடைப்பள்ளி ஆண்களுடையது. வீட்டில் கடமையாக இருக்கும் வேலை, மானியமும் மரியாதையும் சேரும் இடத்தில் கைமாறிவிடுகிறது.

பரோட்டா பின்னால் வந்தது. இரண்டாம் உலகப்போர்க் கால அரிசிப் பஞ்சமும், 1956 ஒப்பந்தத்துக்குப் பின் பி.எல். 480 திட்டத்தில் வந்திறங்கிய அமெரிக்கக் கோதுமையும் அரிசி தின்ற ஊர்களைக் கோதுமைக்குப் பழக்கின. தூத்துக்குடியில் இரவுப் பரோட்டாக் கடைக்கு 'நைட் கிளப்' என்றே பெயர். வெளியூர் மாணவிகள் முதலில் கேட்டதும் திகைப்பார்கள். பெயர் வேடிக்கைதான். ஆனாலும் இரவு, தெரு, ஆண்கள் கூட்டம் மூன்றும் அதற்குள் இருக்கின்றன.

அந்தக் கல்லின் நுட்பத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நடுவில் சூடு அதிகம், ஓரத்தில் குறைவு. நடுவில் பரோட்டா வேகும்போதே ஒரு பக்கம் ஆம்லெட், இன்னொரு பக்கம் கலக்கி. வெந்தவை ஓரத்துக்கு ஒதுங்கிச் சூடு ஆறாமல் காத்திருக்கும். கொத்து போடவும் அதே கல்தான். ஒரே கல்லில் இத்தனையும் செய்பவருக்கு 'மாஸ்டர்' என்று பட்டம், தனிச் சம்பளம். ஒரு கல்லில் தோசை, அடை, முட்டை, பிள்ளைக்கு வறுத்த மீன் என்று வீட்டில் செய்பவளை யாரும் மாஸ்டர் என்றதில்லை. அமெரிக்காவில் 1952இல் ஜார்ஜ் ஸ்டீபன் வெபர் கெட்டில் அடுப்பைச் செய்த பிறகு, கொல்லையில் சுடுவது ஆண்களின் ஞாயிற்றுக்கிழமைப் பெருமையானது. இப்போது தட்டை இரும்புக் கல் வைத்த வெளியடுப்பை அங்கே புதுமை என்று விற்கிறார்கள். நம் தெருமுனைக்குத் தெரிந்தால் சிரிக்கும்.

பெண்கள் தெருவுக்கு வராமலில்லை. விடியுமுன் ஆப்பமும் தோசையும் சுடும் கடைகள் பெரும்பாலும் அவர்களுடையவை. ஆனால் அங்கே 'மாஸ்டர்' இல்லை, 'ஆச்சி', 'அக்கா'தான். உறவுச்சொல் அன்பானது, கடன் சொல்லவும் வசதியானது. 2013இல் தொடங்கிய அம்மா உணவகங்களில் மகளிர் சுய உதவிக் குழுவினர் பெரிய அடுப்புகளின் முன் நின்றார்கள். அந்த ஆண்டே தூத்துக்குடி மாநகராட்சிக்கும் திட்டம் வந்தது. 2014 தெருவோர வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது.

நான் பேருந்துக்கு நிற்கும் இடத்தில் ஓர் ஆச்சி கடை போடுகிறார். கூட்டத்துக்குப் போவீர்களா என்று கேட்டேன். கத்தரிக்காய்க் காம்பை எண்ணெயில் தொட்டுக் கல்லைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அந்நேரத்துக்கு மாவ யாரு ஆட்டுவா தாயி?"