குவாண்டம் சீனோ விளைவு

ஒரு குவாண்டம் அமைப்பை இடைவிடாமல் அளந்துகொண்டே இருந்தால், அது ஓர் ஆற்றல் மட்டத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்வது தடைபடும். பறக்கும் அம்பு ஒவ்வொரு கணத்திலும் நின்றுகொண்டுதான் இருக்கிறது என்று வாதிட்ட கிரேக்க மெய்யியலாளர் சீனோவின் பெயரை இதற்குச் சூட்டியவர்கள் பைத்யநாத் மிஸ்ராவும் இ. சி. ஜி. சுதர்சனும்.

சுதர்சன் (1931–2018) கோட்டயத்தை அடுத்த பள்ளத்தில் பிறந்தவர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்றவர். 1980களில் தரமணி கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநர். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, 1977இல் மிஸ்ராவுடன் இவ்விளைவு பற்றிய கட்டுரையை வெளியிட்டார். அலன் டூரிங் 1950களிலேயே இவ்விளைவைக் கண்டிருந்தார். ஆனாலும் அதற்குக் கறாரான கணித வடிவம் தந்த பெருமை இவ்விருவருக்கே உரியது.

ஓர் அமைப்பு தன் நிலையை விட்டு விலகும் வாய்ப்பு, தொடக்கத்தில் காலத்தின் வர்க்கத்துக்கேற்ப வளர்கிறது. காலம் பாதியானால் வாய்ப்பு கால்பங்காகும். எனவே நடுவில் ஒருமுறை அளந்தால், இரு கால்பங்குகள் சேர்ந்து பாதி வாய்ப்பே மிஞ்சும். அளவீடுகள் கூடக்கூட அது சுழியை நெருங்கும். விலகலின் வேகத்தைத் தீர்மானிப்பது அந்நிலையின் ஆற்றலில் உள்ள நிச்சயமின்மைதான்.

இதை ஆய்வகத்தில் காட்டியது, 1990இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் வெய்ன் இட்டானோ, டேவிட் வைன்லேண்ட் முதலியோர் நடத்திய சோதனை. மின்புலத்தாலும் காந்தப்புலத்தாலும் சிறைப்பிடித்த சுமார் 5,000 பெரிலியம் அயனிகள்மீது 256 மில்லிநொடி ரேடியோ அலை பாய்ச்சப்பட்டது. இடையில் பார்க்காவிட்டால் எல்லா அயனிகளும் மேல்மட்டத்துக்கு ஏறிவிடும். லேசர் பட்டால் கீழ்மட்ட அயனி ஒளிரும், மேல்மட்ட அயனி ஒளிராது, அதுவே அளவீடு. 4 முறை அளந்தால் 37.5 விழுக்காடே ஏறும் என்றது கோட்பாடு. 64 முறை அளந்தபோது ஏறத்தாழ எல்லா அயனிகளும் கீழேயே தங்கின. ரேடியோ அலை ஓயாமல் ஆற்றலை ஊட்டியும் அவை ஏற்கவில்லை என்பதே இதில் வியப்பு.

அளப்பது எப்போதும் தடுக்கும் என்பதில்லை. அளவீட்டின் இடைவெளியைப் பொறுத்து விலகல் விரைவுபடவும் கூடும். இது எதிர்ச்சீனோ விளைவு. சுதர்சன் பணியாற்றிய டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்திலேயே மார்க் ரைசன் குழு 2001இல் குளிர்ந்த சோடியம் அணுக்களில் இரண்டையும் கண்டது.

நோவாம் எரெஸ், கெர்ஷோன் குரிஸ்கி முதலியோர் 2008இல் ‘நேச்சர்’ இதழில் வெப்பக் கணக்கையும் சேர்த்தனர். சூழலோடு வெப்பத் தொடர்பில் உள்ள அமைப்பை மிக அடிக்கடி அளந்தால் அது சூடாகும். இடைவெளியைச் சற்று நீட்டினால் குளிரும். அமைப்புக்கும் சூழலுக்கும் இடையிலான பிணைப்பை அளவீடு அறுக்கிறது. அதற்கான ஆற்றலை அளக்கும் கருவியே தருகிறது; ஆகவே ஆற்றல் அழிவின்மை விதி மீறப்படுவதில்லை.